ஓர் எழுத்துக்கு ஐந்து முகம்

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. கணக்கு இடிக்கிறதே என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். வித்தை தெரிந்தவர் குரு, தெரியாமல் வந்து நின்றவர் சீடர். இதில் வயதுக்கு என்ன வேலை?

குருவின் பெயர் கருணாம்பிகை. அவிநாசிக்காரர். கோயம்புத்தூரில் கிரைண்டர் உதிரி பாகங்கள் விற்கும் கடையொன்றின் மாடியில் இரண்டு அறைகளை வைத்துக்கொண்டு கணினிக்கான எழுத்துருக்களைச் செய்துவந்தார். கீழே கடையில் இரும்பைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மேலே அவர் ஓர் எழுத்தின் வளைவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் அவரை ஒன்றும் செய்வதில்லை.

சீடரின் பெயர் சென்னியப்பன். அவரை எல்லாமே ஏதாவது செய்யும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். கால் நின்றால் விரல் மேசையைத் தட்டும். விரல் நின்றால் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வருவார். டீ வாங்கி வைத்தால் ஆறி ஆடை கட்டிப் போகும், குடிக்க மறந்துவிடுவார்.

இருபத்தாறு வருடம் மென்பொருள் கம்பெனியில் இருந்தவர் அவர். கடைசிப் பத்து வருடம் பன்னிரண்டு பேருக்குத் தலைவர். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் ஜெசிந்தா. அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

ஜெசிந்தா நன்றாக நிரல் எழுதுவார். யோசனை சுத்தமாக இருக்கும். ஆனால் முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கமா இருக்கும். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ உட்கார்ந்திருக்கும். நிரலில் ஒரு புள்ளி பிசகினால் போதும், மொத்தமும் படுத்துவிடும். மூன்றாவது முறை அப்படிப் படுத்தபோது சென்னியப்பன் எல்லோரையும் கூட்டிவைத்து, எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"கண்ணை எங்கீங்க வெச்சுட்டு வேலை செய்யறீங்க?"

அந்த வருட மதிப்பீட்டில் பன்னிரண்டு பேரில் ஜெசிந்தாவுக்குத்தான் கடைசி இடம். அடுத்த இரண்டு மாதத்தில் வேலை போய்விட்டது.

ஒரு வருடம் கழித்துப் பெருந்துறையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பழைய அலுவலக ஆள். பேச்சுவாக்கில் சொன்னார். ஜெசிந்தாவுக்கு விழித்திரையில் ஏதோ நோயாம். அங்கே வேலை செய்தபோதே பாதிப் பார்வைதானாம். சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு சொல்லாமலே இருந்தாராம்.

சென்னியப்பன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பெண் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடிவந்து, "சாப்பாடு சரியில்லீங்களா?" என்று கேட்டார். சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. ஊரைவிட்டே ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

ஜெசிந்தாவைப் போய்ப் பார்த்திருக்கலாம். போன் செய்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. நல்ல சம்பளத்தை உதறிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கிரைண்டர் கடையின் மாடிப்படி ஏறினார். மனுசனுக்குக் கஷ்டமான வழிகளில் ஒரு சுகம் உண்டு போலிருக்கிறது.

"ஃபான்ட் செய்யக் கத்துக்கணுங்க மேடம்," என்றார்.

"எதுக்குங்க அண்ணா?"

"கண்ணு சரியாத் தெரியாதவங்களும் தப்பில்லாம கோட் எழுதோணும். அதுக்கு ஒன்னு செய்யோணும்."

"எத்தனை நாள்ல?"

"எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்."

கருணாம்பிகை ஒரு பென்சிலையும் கட்டம் போட்ட நோட்டையும் எடுத்துக் கொடுத்தார். "ஆங்கிலச் சின்ன எம் ஒன்னே ஒன்னு வரையுங்க. ஒரு மாசம் கழிச்சுக் காட்டுங்க."

சென்னியப்பன் நான்காம் நாளே நானூறு எம் வரைந்துகொண்டு வந்து நின்றார். கருணாம்பிகை நானூறையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருபத்தாறு நாள் இருக்குதுங்க அண்ணா," என்றார்.

எம்மில் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. சாதாரண எழுத்துருவில் ஒல்லியான ஐ-க்குக் கொஞ்சம் இடம், பருத்த எம்முக்கு நிறைய இடம். நிரல் எழுதுகிறவர்களின் எழுத்துருவில் அந்தச் சலுகை கிடையாது. ஐ ஆனாலும் எம் ஆனாலும் கமா ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அகலத்தில் ஒரு கட்டம். அப்போதுதான் வரிக்கு வரி எழுத்துகள் நேராக நிற்கும், எங்கே பிசகு என்று கண் உடனே பிடிக்கும். அந்தக் குறுகலான கட்டத்துக்குள் மூன்று காலோடு நிற்க வேண்டியது எம். அதை நிற்க வைத்தவருக்கு மற்றவை தானாக வரும்.

பதினோராவது மாதம் எழுத்துரு ஒரு வடிவத்துக்கு வந்தது. பூஜ்யத்துக்குள் ஒரு கோடு. கமாவுக்கு நீண்ட வால். முற்றுப்புள்ளி மிளகு மாதிரி கனமாக, உருண்டையாக. இனி ஒன்றை இன்னொன்றாக எவரும் மாற்றிப் படிக்க முடியாது.

அதே மாதத்தில்தான் அந்தப் பழைய அலுவலக ஆள் போனில் சொன்னார். ஜெசிந்தாவுக்குச் சரவணம்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று மாதம் பார்ப்பார்கள். தப்பில்லாமல் எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு.

சென்னியப்பன் அன்றைக்கு ஜன்னலுக்குப் போய்வந்தது கணக்கில்லை.

எழுத்துருவைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று, பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் சங்கம் ஒன்றுக்கு எழுதிப் போடலாம் என்றார் அவர். அங்கே ஜெசிந்தாவும் உறுப்பினர் என்று அவருக்கு முன்பே தெரியும், குருவுக்குத் தெரியாது. ஆறு பேர் தங்கள் திரை, எழுத்தளவு விவரங்களோடு முன்வந்தார்கள். ஆறாவது பெயர் அவர் எதிர்பார்த்த பெயர். எழுத்துரு போய்ச் சேர்ந்தது. யார் செய்தது என்று எங்கும் எழுதவில்லை.

ஐந்து பேர் நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டார்கள். ஜெசிந்தாவின் மெயில் கடைசியாக வந்தது. ஒரே எழுத்து ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் தெரிகிறது என்றிருந்தது. சென்னியப்பன் தன் புதுத் திரையில் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் உக்கடம் பழைய சாமான் கடைகளுக்குப் போய், ஜெசிந்தா வைத்திருப்பதைப் போலவே பழைய மானிட்டர் ஒன்றைத் தேடி வாங்கிவந்து மாட்டினார்.

அதில் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஒரே வரியில் ஓர் எம் கம்பி மாதிரி கூர்மையாக நின்றது. ஆறு எழுத்து தள்ளி இன்னொரு எம்முக்கு நடுக்கால் வீங்கியிருந்தது. அதற்கு அப்பால் ஒன்றுக்கு நடுக்கால் கரைந்துபோய், தூரத்திலிருந்து பார்த்தால் வேறு எழுத்தோ என்று தோன்றியது.

மென்பொருள்காரர்கள் எந்தக் குறையையும் முதலில் ஒரு பட்டியலில் ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. சென்னியப்பனும் ஏற்றினார். வரிசை எண் நாற்பத்தொன்று. எழுத்தின் தடிமன் மாறுகிறது. பழைய திரை. நிலை: சரிசெய்யப்படவில்லை. கடைசி வார்த்தைக்குச் சிவப்பு வண்ணம் பூசினார்.

அந்தச் சிவப்பை அழிப்பதுதான் அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை.

நடுக்காலைச் செதுக்கினார். வீங்கிய இடம் சரியானது, கரைந்த இடம் இன்னும் கரைந்தது. நடுக்காலைக் கொஞ்சம் ஊட்டினார். கரைந்த இடம் நிமிர்ந்தது, கூர்மையாக இருந்த இடம் வீங்கியது. மூன்று காலையும் ஒரே சமயத்தில் மெலியவைத்தார். திரை முழுக்க எம்கள் காய்ச்சலில் படுத்து எழுந்தவை போல நின்றன. பழையபடி மாற்றினார். மறுபடி செதுக்கினார். வீட்டில் மனைவி சாம்பார் ஊற்றும்போது, "நடுக்கால்..." என்று ஏதோ சொல்லி, "எந்தக் கால்ல வலிங்க?" என்று கேட்க வைத்தார்.

ஒன்பதாம் நாள் காலை. திரையில் கண்ட எம்களை எல்லாம் வகை பிரித்து, பெரிதாக்கி, அச்செடுத்து எடுத்து வந்தார். சரியாக ஐந்து வகை. ஐந்து தாள்களையும் குருவின் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"ஒரே எழுத்துங்க மேடம். நான் செஞ்சது ஒன்னே ஒன்னு. ஸ்க்ரீன்ல அஞ்சாத் தெரியுது."

கருணாம்பிகை ஐந்தையும் பார்த்தார்.

"இதுல எதுங்க நெசமான எம்? அதைச் சொல்லுங்க. மத்த நாலையும் அது மாதிரி ஆக்கிப்போடறேன்."

கருணாம்பிகை எழுந்து பழைய மானிட்டர் இருந்த மேசைக்கு வந்தார். திரையில் நிரல் வரி ஒன்று இருந்தது. நடுக்கால் கரைந்த எம் ஒன்றை விரலால் காட்டினார்.

"இது கெட்டிருக்குதுங்களா?"

"கெட்டுத்தான் கிடக்குது."

"அது?" வரியின் கடைசியில் கூர்மையாக நின்ற எம்மைக் காட்டினார்.

"அது நல்லா இருக்குது."

கருணாம்பிகை வரியின் ஆரம்பத்துக்குப் போய் இடைவெளிப் பட்டனை ஒரே ஒரு தடவை தட்டினார். வரி முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்தது.

கரைந்திருந்த எம் மூன்று காலிலும் திடமாக நின்றது. கடைசியில் இருந்த நல்ல எம்முக்கு நடுக்கால் வீங்கியிருந்தது.

சென்னியப்பன் குனிந்து திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"என்னங்க பண்ணினீங்க?"

"தள்ளி நிக்க வெச்சனுங்க அண்ணா."

"எழுத்துல ஒன்னும் பண்ணலையா?"

"எழுத்தைத் தொடவே இல்லையே."

சொல்லிவிட்டு அவர் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். கீழே கடையில் எதையோ போட்டு உடைத்தார்கள். சென்னியப்பன் வெகுநேரம் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டத் தட்ட, ஒவ்வொரு எம்மும் கூர்மையாகி, வீங்கி, கரைந்து, மறுபடி கூர்மையாகி வந்தது. ஐந்து தட்டுக்கு ஒரு முறை பழைய முகம் திரும்பியது.

கணக்குப் போட்டார். திரையின் புள்ளிதான் பிக்சல். ஜெசிந்தா வைத்துப் பார்க்கும் எழுத்தளவில் ஒரு கட்டத்தின் அகலம் பதின்மூன்று பிக்சல், அதற்கு மேல் பிக்சலில் ஐந்தில் ஒரு துண்டு. முதல் எழுத்து பிக்சலின் விளிம்பில் சரியாக நிற்கும். இரண்டாவது ஒரு துண்டு தள்ளி நிற்கும். மூன்றாவது இரண்டு துண்டு. துண்டில் மாட்டிய கால் வீங்கும் அல்லது கரையும். ஐந்து கட்டம் போனால் துண்டுகள் சேர்ந்து ஒரு முழுப் பிக்சலாகிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

எட்டு நாளாக எழுத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், என்று அவருக்குத் தோன்றியது. அது என்ன செய்யும், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. இப்படித் தோன்றியதும் ஏனோ அந்தக் கூட்டத்தின் ஞாபகம் வந்தது. எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஜெசிந்தா மட்டும் இவர் குரல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

நியாயமாக அங்கே மனசு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் ஆட்டம் இன்னும் கூடிவிட்டது.

அப்படியானால் கட்டத்தைச் சரிசெய்தால் ஆயிற்று. கட்டத்தின் அகலத்தை ஒரு மயிரிழை குறைத்தார். ஜெசிந்தாவின் அளவில் துண்டு மறைந்து எல்லா எம்மும் ஒன்றுபோல நின்றன. கை தட்டாத குறை. அடுத்த நிமிடம், பக்கத்து அளவில் வைத்துப் பார்த்தார். அங்கே புதிதாக ஏழு முகம். அதைச் சரிசெய்தால் அதற்கு அடுத்தது கெட்டது. கட்டம் மாறியதில், பதினோரு மாதம் உட்கார்ந்து வரைந்த எழுத்துகளெல்லாம் இடித்துக்கொண்டும் சாய்ந்துகொண்டும் நின்றன. எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். வேறு அகலம் பார்த்தார். ஒரு தாளில் எல்லா அளவுகளையும் எழுதி, எல்லாவற்றுக்கும் துண்டில்லாமல் வரும் ஓர் அகலத்தைத் தேடினார். பத்து நாள் தேடினார். சவரம் செய்துகொள்ளவில்லை. கருணாம்பிகை இரண்டு முறை, "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டதற்கு இரண்டு முறையும் ஓர் எண்ணைப் பதிலாகச் சொன்னார்.

பட்டியலில் நாற்பத்தொன்று சிவப்பாகவே இருந்தது. ஜெசிந்தாவின் மூன்று மாதத்தில் இனி ஐந்து வாரம் மிச்சம்.

பத்தொன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவர் தாளைக் கசக்கி எறிந்தார். குருவின் முன்னால் வந்து நின்றார்.

"ஒன்னைச் சரி பண்ணினா இன்னொன்னு கெட்டுப்போகுதுங்க. எல்லா அளவுலயும் ஒரே மாதிரி நிக்கறதுக்கு வழியே கிடையாதுங்களா?"

"உக்காருங்க."

"உக்கார நேரமில்லீங்க மேடம்."

"நின்னுட்டே கேளுங்க அப்ப. எங்கப்பா வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவரு."

சென்னியப்பன் நின்றார். கால் ஆடியது.

"எந்த ரூம்பும் கல்லளவுக்குச் சரியா அமையாதுங்க. கடைசி வரிசையில வெட்டுக்கல்லு வந்தே தீரும். மத்தவங்க வந்ததும் கதவுப் பக்கமிருந்து மளமளன்னு பதிக்க ஆரம்பிச்சுருவாங்க. எங்கப்பா ஆரம்பிக்கவே மாட்டாரு. வீட்டுக்காரம்மாளைக் கூப்பிடச் சொல்லுவாரு. நீங்க எங்கம்மா உக்காருவீங்கன்னு கேப்பாரு."

"எதுக்குங்க?"

"அவங்க கண்ணு படற பக்கம் முழுக்கல்லு. வெட்டுக்கல்லு பீரோவுக்கு அடியில."

சென்னியப்பனுக்கு அவசரமாகப் புரிந்தது. அவருக்கு எல்லாமே அவசரமாகத்தான் புரியும்.

"அப்ப அந்த ஒரு அளவை மட்டும் முழுசாக்கிப்போட்டு, மத்ததை அதது தலையெழுத்துன்னு விட்டறலாங்கறீங்க."

"எந்த ஒரு அளவை?"

"அவங்க வெக்கற அளவை. அதைக் கூட்டினா வரி ஸ்க்ரீனுக்குள்ள அடங்காது. குறைச்சா அவங்களுக்குத் தெரியாது. அந்த ஒன்னுலதான் அவங்க பொழைப்பே ஓடுது."

"எவங்க?"

சென்னியப்பனுக்குக் கால் ஆடுவது நின்றது. பிறகு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இந்த மாடிக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக யாரும் இரண்டாவது தடவை சொல்லாமலே.

எல்லாவற்றையும் சொன்னார். கமாவும் பூஜ்யமும், பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த கூட்டம், தான் கேட்ட கேள்வி, அதைக் கேட்டபோது யாரோ சிரித்தது, பெருந்துறைப் பந்தி. கேள்வியைச் சொல்லும்போது நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"அதுக்கோசரந்தானுங்க இவ்வளவும்," என்று முடித்தார். "அவங்க கைக்குப் போறது ஒரு குத்தங்குறை இல்லாமப் போகோணும்னு. அதுதான் நான் பண்ணின பாவத்துக்கு..."

"மெயில்ல என்ன கேட்டிருந்தாங்க?" என்றார் கருணாம்பிகை.

சென்னியப்பனுக்கு மனப்பாடம். "எழுத்தின் தடிமன் மாறுகிறது. பழைய திரை."

"அது நீங்க எழுதினது."

"ஆமாங்க, பட்டியல்ல..."

"அவங்க எழுதினதைப் படிங்க."

"அதேதானுங்க மேடம், ஒன்னும் வித்தியாசம் இல்லை."

"படிங்க அண்ணா."

சென்னியப்பன் மெயிலைத் தேடினார். பட்டியலில் ஏற்றிய பிறகு அதை அவர் திறக்கவே இல்லை. அவருடைய தொழிலில் யாரும் திறக்க மாட்டார்கள். குறை பட்டியலுக்கு வந்துவிட்டால் கடிதம் வெறும் உமி. தேடி எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"வணக்கம். நீங்கள் அனுப்பிய எழுத்துரு மிக நன்றாக இருக்கிறது. கமாவும் புள்ளியும் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்து பல வருடம் ஆகிறது. செய்தவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்."

இந்த இடத்தில் குருவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"ஆனால் எம் முதலான சில எழுத்துகள் ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் தெரிகின்றன. ஒரே எழுத்து, ஒரே வரியில். சில இடங்களில் ஒரு கோடு கரைந்தே போகிறது. எனக்குப் போன மாதம் வரை எதுவும் இப்படித் தெரிந்ததில்லை. அடுத்து என் கண் இப்படித்தான் ஆகும், கோடுகள் கரையும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. இது எழுத்துருவில் இருக்கும் குறையா, என் கண்ணில் புதிதாக வந்த குறையா? இந்த ஒன்றை மட்டும்..."

நிறுத்திவிட்டார்.

"இந்த ஒன்றை மட்டும் சொன்னால் போதும். அதற்கேற்ப வீட்டில் நான் சில முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. ஜெசிந்தா."

கீழே கடையில் கணகணவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பனின் கை மேசைமேல் அசையாமல் கிடந்தது.

"எப்ப வந்ததுங்க இது?"

"பத்தொன்பது நாளாச்சு."

"பதில் போட்டீங்களா?"

"சரி பண்ணிப்போட்டு, நல்லதையே கையில குடுத்துப்போட்டு எழுதலாம்னு..."

"எழுத்துல இருக்குதா, கண்ணுல இருக்குதா?"

"எழுத்துலதானுங்க."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

சென்னியப்பன் பழைய மானிட்டரைப் பார்த்தார். உக்கடத்திலிருந்து கொண்டுவந்து மாட்டிய காலையை நினைத்தார்.

"மறுநாளே தெரியுமுங்க," என்றார்.

கருணாம்பிகை கீபோர்டைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார். சென்னியப்பன் விரலை அதன்மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்னன்னுங்க மேடம் எழுதறது? அந்த ஒரு அளவுக்கு மட்டும் மாத்தோணும்னாலும் அத்தனை எழுத்தையும் திரும்ப வரையோணும். சரி பண்ணி முடிக்க இன்னும் மூணு வாரம் ஆகுமே."

"அவங்க அதைக் கேக்கலீங்களே, அண்ணா," என்றார் கருணாம்பிகை.